விதியா? வேதியியலா?

மகப்பேறு முடிந்து மகிழ்ச்சி அடங்குமுன்னரே தாயின் கருப்பையில் நஞ்சுக்கொடி உயிரணுக்கள் வெறிகொண்டு பெருகுவதுண்டு. கோரியோகார்சினோமா என்பது அப்புற்றின் பெயர். சினைப்பை, விந்தகக் கருவணுக்களிலும் அது முளைக்கும். நுரையீரலுக்குப் பரவினால் சாவே முடிவு என 1950களின் தொடக்கத்திலும் மருத்துவ உலகம் கைவிரித்தது. ‘தலையெழுத்து’ என்றனர் ஊரார். அந்த எழுத்தை அழித்தது எது?

1928இல் லூசி வில்ஸ் எனும் ஆங்கில மருத்துவ அம்மையார் பம்பாய்க்கு வந்தார். நெசவாலைப் பெண்கள் கருவுற்ற காலத்தில் குருதி வற்றி மடியக் கண்டார். சாபத்தைத் தேடவில்லை, சாப்பாட்டை ஆராய்ந்தார். மலிவான ஈஸ்ட் சாறு அவர்களைத் தேற்றிற்று. 1931இல் அதனை உலகுக்கு அறிவித்தார். அதிலிருந்த பொருளே பின்னாளில் ஃபோலிக் அமிலம் எனப்பட்டது.

1945இல் அதனைச் செயற்கையாக ஆக்கிக் காட்டிய அமெரிக்க லெடர்லே ஆய்வுக்கூடக் குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895இல் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர். கதர் அணிந்தமைக்காக ஆங்கிலப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, முழுப் பட்டம் பெறாமலே வெளியேறியவர்!

ஃபோலிக் அமிலம் குறைந்தால் டி.என்.ஏ.வின் கட்டுமானக் கல்லாகிய தைமின் போதிய அளவு உருவாகாது. உயிரணு இரண்டாகப் பிரியாது. புற்றை வீழ்த்த இதுவே வழியாயிற்று. மருந்து முக்காத தீக்குச்சி உருவத்தில் குச்சியே, உரசினால் பற்றுமோ? சாத்தூரார்க்கு இதைச் சொல்லவும் வேண்டுமோ! அத்தகைய போலிகளைச் சுப்பாராவ் குழுவினர் படைத்தனர். மெய்யமிலத்தின் இடத்தைப் போலி பற்றிக்கொள்ள, ஓயாது பெருகும் புற்றணு தைமின் இன்றித் திணறும்.

1948இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், குழந்தைகளின் குருதிப் புற்றை அத்தகைய போலியால் சிறிது காலம் தணித்துக் காட்டினார். அவ்வாண்டே சுப்பாராவ் மறைந்தார். 1956இல் அமெரிக்காவில் மின் சியூ லி, ராய் ஹெர்ட்ஸ் ஆகியோர் மெத்தோட்ரெக்சேட் எனும் போலியால், பரவிவிட்ட கோரியோகார்சினோமாவையும் மறையச் செய்தமையை வெளியிட்டனர். மகப்பேற்றுக்குப் பின் எழும் இப்புற்று இன்று பெரும்பாலும் குணமாகிறது. கருவணுக்களில் எழுவதற்கோ பல மருந்துகளின் கூட்டு வேண்டும்.

நெசவாலைத் தாயரின் குருதியில் தொடங்கிய இவ்வறிவு, தீப்பெட்டி ஆலைத் தாயருக்கும் உரியதன்றோ? சகோதரிகளே! செவிலியர் தரும் ஃபோலிக் மாத்திரையைப் பரணில் போடாதீர். மகப்பேற்றுக்கோ கருச்சிதைவுக்கோ பின் குருதிப்போக்கு நீடித்தால் நாணி மறைக்காதீர். மந்திரித்துக் காலம் கடத்தாதீர். மருத்துவமனை செல்லுங்கள். குருதிச் சோதனை ஒன்று குறிப்புக் காட்டும். விதி என்று விட்டிருந்தால் மடிந்திருப்போர் எத்தனையோ பேர். ஏன் என்று கேட்டதால் பிழைத்தனர்!