கயத்தாறில் நிற்கிற முகம்

கட்டபொம்மன்னு சொன்னதும் உங்க மனசுல யாரு வர்றாங்க? முறுக்கு மீசை, உருட்டுற கண்ணு, கர்ஜனை. அது சிவாஜி கணேசன். நான் ஏரல்காரன். பாஞ்சாலங்குறிச்சி, எட்டயபுரம், கட்டபொம்மனைத் தூக்கில் போட்ட கயத்தாறு, மூணும் எங்க தூத்துக்குடி மாவட்டம்தான். எனக்கும் அதே முகம்தான் வருது.

படம் வந்தது 1959. அதுக்கு முன்னாடி 1957லயே சக்தி கிருஷ்ணசாமி எழுதின நாடகமா சேலத்துல அரங்கேறிருச்சு. அதாவது, அந்தக் குரல் கேமராவுக்குப் பழகினது இல்ல. கொட்டகையில கடைசி வரிசையில உட்கார்ந்திருக்கிறவர் காதுக்குப் பழகினது. சின்ன வயசுலயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து, பெண் வேஷம் கட்டி வளர்ந்தவர் கணேசன். அண்ணா எழுதின நாடகத்துல மராட்டிய மன்னரா நடிச்சதைப் பார்த்து 'சிவாஜி'ன்னு பேர் கொடுத்தது பெரியார். 'ஓவர் ஆக்டிங்'னு மீம் போடுறவங்க அந்தக் கடைசி வரிசையை மறந்துடுறாங்க. 1960ல கெய்ரோ ஆசிய-ஆப்பிரிக்கப் பட விழாவுல சிறந்த நடிகர் விருது கட்டபொம்மனுக்காகத்தான் கிடைச்சது. பிரான்ஸோட 'செவாலியே' வந்தது 1995ல.

சரி, வரலாறு? கலெக்டர் ஜாக்சன் கட்டபொம்மனை ஊர் ஊரா அலையவிட்டு, 1798 செப்டம்பர்ல ராமநாதபுரத்துல சந்திச்சது நிஜம். கைகலப்புல லெப்டினன்ட் கிளார்க் இறந்தார். அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடிச்ச இடம்: மதராஸ் அரசு விசாரிச்சு, ஜாக்சனையே பதவியிலிருந்து தூக்கிருச்சு! வசனம் ஞாபகம் இருக்கிற நமக்கு இது ஞாபகம் இல்ல.

இன்னொண்ணு கொஞ்சம் வலிக்கும். என் காலேஜ் நண்பனுக்கு ஊர் எட்டயபுரம். ஹாஸ்டல்ல முதல் வாரமே அவனுக்கு 'எட்டப்பன்'னு பேர் விழுந்துருச்சு. எட்டயபுரம் பாளையம் கம்பெனி பக்கம் நின்னது உண்மை, மறைக்க வேண்டாம். ஆனா காட்டுல ஒளிஞ்சிருந்த கட்டபொம்மனைப் பிடிச்சு ஒப்படைச்சது புதுக்கோட்டைத் தொண்டைமான். அந்தப் பேரைச் சொல்லி யாரும் யாரையும் திட்டுறதில்ல. பாரதி பிறந்த ஊர்க்காரனுக்கு மட்டும் இந்தப் பட்டம்!

1799 அக்டோபர் 16, கயத்தாறுல தூக்கு. பிற்காலத்துல அங்க சொந்தக் காசுல நிலம் வாங்கிச் சிலை வச்சவரும் சிவாஜிதான். ஒரு நடிகன் தன் வேஷத்துக்குச் செஞ்ச மரியாதையாத்தான் நான் அதைப் பார்க்குறேன்.

நானும் அந்த நண்பனும் ஒருதடவை அங்க போயிருந்தோம். பக்கத்துல ஒரு சின்னப் பொண்ணு, "இது யாருப்பா?"ன்னு கேட்டா.

"சிவாஜிம்மா"ன்னார் அப்பா.

நண்பன் என்னைப் பார்த்தான். ரெண்டு பேருமே திருத்தல.