லங்காட் நதிக்கரையில் டெங்கில்

சிலாங்கூர் மாநிலத்தின் தென்பகுதியில், லங்காட் ஆற்றின் கரையில் அமைந்த ஊர் டெங்கில். 1975ஆம் ஆண்டில் சிப்பாங் தனி மாவட்டமாக உருப்பெற்ற பின் அம்மாவட்டத்தின் மூன்று முக்கிம்களுள் ஒன்றாக இது விளங்கி வருகின்றது. விமான நிலையத்திற்கும் புத்ராஜெயாவிற்கும் சைபர்ஜெயாவிற்கும் விரைவோர் இவ்வூரின் பெயரை நெடுஞ்சாலைப் பலகையில் மட்டுமே கண்டு கடந்து போகின்றனர். ஆயினும் அம்மூன்றும் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே இங்கு மக்கள் வாழ்ந்தனர்.

எவ்வளவு காலம் முன்னர்? டெங்கிலை அடுத்த ஜெண்டராம் ஹிலிரில் ஈயச் சுரங்கம் தோண்டியபோது, 1970களில், கற்கோடரிகளும் முக்காலி போன்ற மூன்று கால்களையுடைய மட்பாண்டங்களின் சிதைவுகளும் வெளிப்பட்டன. அவை மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை என ஆய்வாளர் கணித்துள்ளனர். இத்தகைய முக்காற் பாண்டங்கள் தாய்லாந்தின் காஞ்சனபுரி மாவட்டத்திலுள்ள பான் காவ் என்னுமிடத்திலும் கிடைத்துள்ளன. மலாயாத் தோட்டத் தமிழர் ஆயிரக்கணக்கில் மாண்ட சயாம் மரண இரயில்பாதை அவ்வழியேதான் சென்றது. பண்டை மக்கள் கலை வளர்த்த பாதையில் பிற்காலத்தார் எலும்புகளை விட்டு வந்தனர் என்பது நெஞ்சை உறுத்தும் ஒற்றுமையாகும்.

சாலைகள் இல்லாத அக்காலத்தில் ஆறே பெருவழி. மலைநாட்டில் பிறந்து காஜாங்கைத் தொட்டு, டெங்கிலைக் கடந்து, பந்திங் வழியாகக் கடலைச் சேரும் லங்காட் ஆற்றின் கீழ்ப்பகுதியில்தான் சுல்தான் அப்துல் சமாட் (ஆட்சி: 1857-1898) அரசிருக்கை கொண்டிருந்தார். தெமுவான் பூர்வகுடியினரும் மலாய்க் குடியானவரும் ஆற்றையும் காட்டையும் சார்ந்து வாழ்ந்தனர். ஈயம் நாடிச் சீனரும் வந்தனர். ஈயத்தின் காலம் 1985இல் உலகச் சந்தை சரிந்ததோடு ஒடுங்கிற்று. இன்று பாயா இண்டா எனப்படும் சதுப்புநிலப் பூங்காவில் தாமரை பூத்துக் கிடக்கும் குளங்களுள் பல, அன்றைய ஈயக்குட்டைகளே.

தமிழர் வரலாறு இரப்பரோடு தொடங்குகின்றது. வட ஆர்க்காடு, சேலம், திருச்சி, தஞ்சை மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் திரட்டிய மக்கள் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் கரையிறங்கித் தோட்டங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்யும் வரை இவ்வரவு நீடித்தது.

டெங்கிலின் வடக்கே அமைந்திருந்த பிராங் பெசார் தோட்டத்தின் கதை தனித்து எழுதத் தக்கது. 1914இல் மூண்ட முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய ஆங்கிலேய இராணுவ அதிகாரிகள், ஆயர் ஈத்தாம் என வழங்கிய காட்டில் 800 ஏக்கரில் இதனைத் தொடங்கினர். "பெரும் போர்" எனப் பொருள்படும் மலாய்ப் பெயர் அதனால் வாய்த்தது. பின்னர் அது 8,000 ஏக்கராக விரிந்தது. இத்தோட்டம் வெறும் பால் எடுக்கும் தோட்டமாக இருக்கவில்லை. மிகுதியாகப் பால் தரும் மரங்களைத் தேர்ந்து, அவற்றின் மொட்டுகளை இளங்கன்றுகளில் ஒட்டுக்கட்டிப் புதிய இனங்களை உருவாக்கும் ஆய்வுக்களமாக அது திகழ்ந்தது. பி.பி. 86, பி.பி. 260 ஆகியவற்றில் உள்ள "பி.பி." என்பது பிராங் பெசாரின் பெயரே. இலங்கையிலும் கேரளத்திலும் பி.பி. 86 பயிரிடப்பட்டது. உலகெங்கும் புகழ்பெற்ற ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் இனத்தின் பெற்றோருள் ஒன்றும் அதுவே.

எந்த மரம் எவ்வளவு பால் தருகின்றது என்பதை ஆய்வாளர் எவ்வாறு அறிந்தனர்? விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, நெற்றி விளக்கொளியில் மரஞ்சீவி, மங்குகளில் வடிந்த பாலைச் சுமந்து வந்தவர்களின் கைவழியாகத்தான். இன்ன மரத்திற்கு இவ்வளவு பால் என்னும் கணக்கு அவர்கள் உழைப்பின்றி எழுதப்பட்டிருக்க முடியாது. மர இனங்களுக்குப் பெயரும் எண்ணும் கிடைத்தன. சீவியவர்களின் பெயர்கள் கூலிப் பதிவேட்டோடு நின்றுவிட்டன.

லயங்களில் வாழ்ந்த இம்மக்கள் முதலில் நாட்டியது தெய்வத்தைத்தான். தாய்க் கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வந்து புதிய இடத்தில் தெய்வத்தை நிலைநிறுத்தும் பிடிமண் வழக்கம் தமிழகக் கிராமங்களில் தொன்றுதொட்டு உண்டு. அவ்வழியில் வந்தவர்கள் மரத்தடிக் கல்லிலும் சூலத்திலும் மாரியம்மனையும் முனீசுவரரையும் கண்டனர். கோயிலும் பள்ளியும் கள்ளுக்கடையும் தோட்டத்தில் இருந்தன. ஆனால் நிலம் மட்டும் தோட்ட நிறுவனத்துடையது.

அந்த உண்மை 1990களில் வெளிப்பட்டது. துங்கு அப்துல் ரஹ்மான் புத்ரா அவர்களின் பெயரால் புதிய நிர்வாகத் தலைநகர் அமைக்கப் பிராங் பெசாரும் அதனையடுத்த தோட்டங்களும் எடுத்துக்கொள்ளப்பட்டன. 1995இல் கட்டுமானம் தொடங்கிற்று. 1999இல் பிரதமர் அலுவலகம் அங்குக் குடியேறிற்று. 2001 பிப்ரவரி முதல் நாள் அது கூட்டரசுப் பிரதேசமாயிற்று. பிராங் பெசார், கெல்லோவே, செட்ஜ்லி, மெடிங்லி ஆகிய நான்கு தோட்டங்களின் பாட்டாளிகள் டெங்கிலின் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டனர். மூன்று தலைமுறை உழைத்திருப்பினும், வேலை போனவுடன் வீடும் போயிற்று. புதிய அடுக்குமாடிகளில் விரிசல் கண்டது. குடியிருப்பாளர் பல ஆண்டுகள் தரைவீடு கேட்டு முறையிட்டனர்.

அதே காலத்தில் டெங்கிலில் வேறொரு வழக்கும் நடந்தது. விமான நிலைய நெடுஞ்சாலைக்காகப் புக்கிட் தம்போய் தெமுவான் மக்களின் 38 ஏக்கர் நிலம் 1995இல் எடுக்கப்பட்டது. வீட்டிற்கும் பயிருக்கும் மரத்திற்கும் மட்டுமே இழப்பீடு தரப்பட்டது, மண்ணுக்கு இல்லை. சாகோங் தாசியும் அறுவரும் நீதிமன்றம் சென்றனர். மூதாதையர் வழி வந்த நிலத்தில் அவர்களுக்கு உரிமை உண்டென 2002இல் ஷா ஆலாம் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. பட்டா ஏதுமின்றியே, வழிவழியாக வாழ்ந்தமையே அவர்களுக்குச் சான்றாயிற்று.

தோட்டத் தமிழர்க்கு அத்தகைய வாய்ப்பு இல்லை. அவர்கள் வாழ்ந்த லயம் வேலையோடு ஒட்டிய கூரை. அவர்கள் வணங்கிய கோயிலும் பெரும்பாலும் பிறர் நிலத்தில் நின்றது. தோட்டம் கைமாறும்போது நிருவாகத்தினரின் கையில் நிலப்பத்திரம் உண்டா என்ற கேள்வியே முதலில் எழுந்தது. ஆகமப்படி கும்பத்தில் தெய்வசக்தியை ஆவாகனம் செய்து, பாலாலயத்தில் வைத்து, புதிய இடத்தில் பிரதிட்டை செய்ய இயலும். ஆனால் அந்தப் புதிய இடம் எங்கே என்பதற்கு ஆகமம் விடை சொல்வதில்லை. நில அலுவலகமே சொல்ல வேண்டும்.

தாமான் பெர்மாத்தாவில் இன்று தமிழ்ப்பள்ளி ஒன்று இயங்குகின்றது. வடக்கே, பி.பி. மரங்கள் நின்ற மண்ணில் அமைச்சகங்களின் கட்டடங்கள் நிற்கின்றன.