வித்தும் நடவும்



ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர் நம் முன்னோர். அந்தச் சோறு மென்மையாய் இருக்குமா, விறைத்துப் போகுமா என்பது அடுப்படியில் மட்டும் முடிவாவதன்று. எந்த வித்தைத் தெரிந்தெடுத்தோம், அதனை எப்போது, எவ்வாறு நட்டோம் என்னும் இரண்டும் அதனைப் பெரும்பாலும் முன்னரே முடிவு செய்துவிடுகின்றன. நம் நாடு இதனைக் கற்றுக்கொண்ட வரலாறு அறியத்தக்கது.

1912-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. பார்னெல் என்னும் அறிஞர் அங்கே நம் நாட்டு நெல் வகைகளை முறையாக ஆராய்ந்தார். அம்முயற்சியின் பயனாக 1921-இல் ஜி.இ.பி. 24 என்ற வகை வெளிவந்தது. உழவர்கள் அறிந்த கிச்சிலிச் சம்பாவே அது. அதன் அரிசி மெல்லியது, பளிங்கு போன்றது, சுவை மிக்கது. ஆயினும் உயர்ந்து வளரும் அதன் தாள், உரம் மிகுந்தால் சாய்ந்துவிடும்.

நாடு விடுதலை பெற்றபின் பசியே பெருங்கவலையாயிற்று. 1953-இல் ஜப்பானிய முறை நெற்பயிர் பரப்பப்பட்டது. நல்ல விதை, திடமான நாற்று, வரிசை நடவு, போதிய உரம் என்பவை அதன் கூறுகள். 1966-இல் பிலிப்பைன்ஸ் நாட்டின் அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர். 8 என்னும் குட்டை நெல்லை அளித்தது. அது சாயாது நின்று களஞ்சியத்தை நிரப்பியது. ஆனால் அதன் அரிசி தடித்தது. நடுவே சுண்ணாம்பு போன்ற வெண்மை உடையது. ஆகவே ஆலையில் மிகுதியாக நொறுங்கியது; ஆறிய சோறும் விறைத்தது.

அளவு வேண்டுமெனில் தரத்தை இழக்கத்தான் வேண்டுமோ? இதற்கு விடை நம் மண்ணிலேயே இருந்தது. கிச்சிலிச் சம்பாவையும் கோ. 18 என்னும் வகையையும் இணைத்து, திரூர்க்குப்பம் நிலையத்தார் டி.கே.எம். 6 என்னும் வகையைப் படைத்திருந்தனர். அதனைக் குட்டை இனத்தோடு கலந்து 1969-இல் ஐ.ஆர். 20 உருவாக்கப்பட்டது. விளைச்சலோடு நல்ல அரிசியும் கிடைத்தது. தமிழகத்து வயல்கள் அதனை விரும்பி ஏற்றன. பழைய வித்தைக் காத்து வைத்தமையால் அன்றோ இது இயன்றது!

எனினும், நல்ல வித்து மட்டும் போதாது. விதையை அடர்த்தியாகத் தெளித்தால் பயிர் மெலிந்து சாயும். சாய்ந்த கதிர் ஈரத்தில் கிடந்து நிறம் மாறும், முளைக்கும். நாற்று முதிர்ந்தபின் நட்டால் கதிர்கள் ஒருசேர வாரா. முந்திய கதிர் வெயிலில் காய்ந்து வெடிக்க, பிந்திய கதிர் பசுமணியாய் நிற்கும். இரண்டையும் ஒன்றாய் அறுத்து அரைத்தால் நொய்யே மிகும். பட்டம் தவறி, மணி பால்பிடிக்கும் காலத்தில் வெப்பம் மிகுந்தாலும் சுண்ணாம்பு வெண்மை தோன்றும். இளநாற்றை ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டுச் சதுரமாக நடும் திருந்திய நெல் சாகுபடி, விதையையும் நீரையும் மிச்சப்படுத்துவதோடு தூர்கள் நேராக நிற்கவும் துணைசெய்கிறது. 1983-இல் மடகாஸ்கரில் லொலானியே என்னும் பாதிரியார் வகுத்த முறையிலிருந்து வளர்ந்தது அது.

நம் ஊத்தங்கரைப் பகுதி கேழ்வரகும் மாவும் விளையும் மேட்டு நிலம். ஏரிக்கும் கிணற்றுக்கும் கீழே உள்ள வயல்களிலேதான் நெல் விளைகிறது. ஏரி நிரம்பக் காத்திருக்கும் ஆண்டில் நாற்று முதிர்ந்துவிடும். அதனால் விளைவது வெறும் சுவைக்குறைவு அன்று. நொய்யாகும் அரிசிக்கு விலை குறைவு. வியர்வை சிந்தியவன் பெறும் கூலியே குறைகிறது. ஆதலால் நீர்வரவைக் கருதி, நாற்றங்காலைக் கட்டங்கட்டமாக விடுதலும், குறுகிய கால வகையைத் தெரிந்தெடுத்தலும் அறிவுடைமை.

மாணவர்களே! அறுவடைக் காலத்தில் ஒரு கைப்பிடி நெல்லை உரித்துப் பாருங்கள். முழுமணி எத்தனை, பசுமணி எத்தனை, வெண்மை படர்ந்தது எத்தனை என்று எண்ணுங்கள். எண்ணிய கணக்கைப் பெற்றோரிடம் சொல்லுங்கள். எந்த வித்து, எந்த நாளில், எவ்வாறு நடப்பட்டது என்று அவர்களைக் கேட்டு, அதனையும் உடன் எழுதி வையுங்கள். ஆராய்ச்சி நிலையங்களும் இவ்வாறு எண்ணியும் எழுதியுமே தம் பணியைத் தொடங்கின.