தங்கம் போயிருச்சு, மண்ணு இருக்கு: கேஜிஎஃப்-ன் 13 மலைகள்

இந்த எபிசோடை உக்கடத்துல எங்க வீட்டு மொட்டை மாடி ரூம்ல உக்காந்து ரெக்கார்ட் பண்றேன். நடுவுல பஸ் ஹாரன் கேட்டா கண்டுக்காதீங்க.

இங்கிருந்து போத்தனூர் பக்கம் வண்டியில போனா, சில நாள் வெள்ளலூர் குப்பைக்கிடங்கு வாடை மூக்கைத் துளைக்கும். கோயம்புத்தூர் முழுக்கத் தூக்கிப் போட்டது அங்க இருக்கு. பழைய குப்பையைத் தோண்டி, சலிச்சு, பிரிச்சு எடுக்கிற வேலையும் நடக்குது. ஆபீஸ்ல இதைப் பத்திப் புலம்பினப்போ, டீம்ல இருக்கிற ஒரு அண்ணன் சிரிச்சார். "தம்பி, உங்க ஊர்ல குப்பைமேடு. எங்க ஊர்ல குப்பையே மலை. சின்ன வயசுல அதுல சறுக்கி விளையாடியிருக்கோம்."

அவர் கேஜிஎஃப்-காரர். கோலார் தங்கவயல். படத்துல பார்த்த கேஜிஎஃப் இல்லைங்க, நிஜ கேஜிஎஃப்.

கொஞ்சம் பின்னாடி போவோம். 1880-ல ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ்-ங்கிற லண்டன் கம்பெனி அங்க சுரங்க வேலையை ஆரம்பிச்சது. மேஸ்திரி, இன்ஜினியர் வேலைக்கு இங்கிலாந்தோட கார்ன்வால் பகுதியில இருந்து ஆட்கள் வந்தாங்க. அங்க தகரச் சுரங்கம் ரொம்பப் பழசு. பாறையைக் குடைஞ்ச கைகள் பெரும்பாலும் நம்ம கைகள்: வட ஆற்காடு, சேலம், தர்மபுரி பக்கத்துல இருந்து போன தமிழ்க் குடும்பங்கள், அதுல பெரும்பகுதி தலித் மக்கள். அயோத்திதாசப் பண்டிதரோட பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்துல கிளை இருந்துச்சு. கர்நாடகாவுக்குள்ள இருக்கிற ஒரு தமிழ் ஊர் அது.

1902-ல காவிரி ஓடுற சிவனசமுத்திரத்துல இருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து சுரங்கத்துக்கு கரண்ட் கொடுத்தாங்க. பெங்களூர் சிட்டிக்கு லைட் வந்தது அதுக்கப்புறம், 1905-ல. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போச்சு. மொத்தம் 120 வருஷத்துல 800 டன்னுக்கு மேல தங்கம் எடுத்தாங்க.

சரி, மலை எப்படி வந்துச்சு? ஒரு டன் பாறையில தங்கம் சில கிராம்தான் இருக்கும். பாறையை மாவா அரைச்சு, சயனைடு கரைசல்ல ஊற வைப்பாங்க. தங்கம் அதுல கரையும். அப்புறம் துத்தநாகத்தைப் போட்டா தங்கம் தனியா படியும். 1887-ல கிளாஸ்கோவுல கண்டுபிடிச்ச முறை இது. தங்கத்தை எடுத்த பிறகு மிச்சமிருக்கிற மாவை வெளியே கொட்டுவாங்க. ஒரு டன்ல சில கிராம் போக மிச்சம் எல்லாமே கழிவுதான். அப்படிக் கொட்டிக் கொட்டி வந்ததுதான் சயனைடு மலைகள். மொத்தம் 13 குவியல், சுமார் 3.3 கோடி டன்.

பேர்ல சயனைடு இருந்தாலும், அது வெயில் பட்டு காலப்போக்குல சிதையும். பெரிய தொல்லை மிச்ச ரெண்டும்தான். ஒண்ணு கன உலோகங்கள், அது சிதையவே சிதையாது. இன்னொண்ணு நைஸான சிலிக்கா தூசி. காத்தடிச்சா வீட்டுக்குள்ள, சோத்துல, நுரையீரல்ல போய்ச் சேரும். சுரங்கத்துக்குள்ள வேலை செஞ்ச தாத்தாவைப் பிடிச்ச அதே தூசியை, சுரங்கத்தையே பார்க்காத பேரனும் சுவாசிக்கிறான்.

எங்க தொழில்ல 'டெக்னிக்கல் டெட்'-னு ஒண்ணு சொல்வோம். இன்னைக்கு அவசரத்துக்கு ஒரு ஒட்டு வேலை போட்டுட்டு, சரி பண்றதை அடுத்து வர்றவன் தலையில கட்டுறது. லாபம் பார்த்தவர் ஒருத்தர், கடனைக் கட்டுறவர் இன்னொருத்தர். கேஜிஎஃப் அதேதாங்க.

1956-ல மைசூர் அரசு சுரங்கங்களை நாட்டுடைமை ஆக்குச்சு. அப்புறம் மத்திய அரசு கைக்குப் போய், 1972-ல பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் ஆச்சு. தரம் குறைஞ்சு, செலவு ஏறி, 2001 பிப்ரவரி 28-ல மூடிட்டாங்க.

இப்ப ரெண்டு தேதியைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. அதுக்குச் சரியா 17 நாள் கழிச்சு, 2001 மார்ச் 17-ல, கேஜிஎஃப்-க்கு ஆள் அனுப்பின அதே கார்ன்வால்ல 'ஈடன் ப்ராஜெக்ட்' திறந்தாங்க. கைவிட்ட ஒரு பீங்கான் களிமண் குழிக்குள்ள பெரிய பெரிய கண்ணாடிக் குமிழ் மாதிரி தோட்டங்கள். மண்ணே இல்லாத இடம் அது. களிமண் கழிவோட மக்கின உரத்தைக் கலந்து சுமார் 85,000 டன் மண்ணை அவங்களே உருவாக்கினாங்க. நியாயமா சொல்லணும்னா, களிமண் குழியும் சயனைடு மேடும் ஒண்ணு இல்ல, அது சுலபமான கேஸ். ஆனா அங்க பொதுப்பணமும் திட்டமும் இருந்துச்சு. இங்க இருந்தது பெங்களூருக்குப் போற ரயில். சுரங்கத்தை நம்பியிருந்த ஊர்ல, ஆயிரக்கணக்கான பேர் விடியறதுக்கு முன்னாடி ரயில் ஏறி வேலைக்குப் போய், ராத்திரி திரும்பினாங்க. எங்க டீம் அண்ணன் காலேஜ் படிச்சதும் அந்த ரயில்லதான்.

சுத்தம் பண்ற செலவு யாருது? 1996-ல வேலூர் தோல் தொழிற்சாலை வழக்குல, மாசுபடுத்தினவரே செலவை ஏத்துக்கணும்னு உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. கேஜிஎஃப்-ல மாசுபடுத்தினவர் யார்? முதல்ல லண்டன் கம்பெனி, பிறகு அரசாங்கமே. 2025 ஜூலையில மாசடைஞ்ச நிலங்களுக்குன்னே மத்திய அரசு தனி விதிகள் கொண்டு வந்துச்சு. ஆனா சுரங்க மாசை அதுல வெளியே வெச்சுட்டாங்க.

இதுக்கு நடுவுல, 2024 ஜூன்ல, 1,003.4 ஏக்கர்ல இருக்கிற அந்த 13 குவியலையும் ஏலம் விட்டு மறுபடி தங்கம் எடுக்க கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துச்சு. டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாத்தான் தேறும், ஆனா தங்கம் விலை ஏறின ஏத்தத்துல அதுவும் கட்டுபடியாகும்னு கணக்கு. ஜோகன்னஸ்பர்க்ல பல வருஷமா இதைச் செய்றாங்க. ஒழுங்கா செஞ்சா மலை கரையும், நிலம் மீளும், வேலையும் கிடைக்கும்.

ஆனா ஒண்ணு கவனிங்க. தங்கம் எடுக்கிறது வேற, சுத்தம் பண்றது வேற. 3.3 கோடி டன் மாவுல டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவா தங்கம் எடுத்துட்டா, மிச்சம் அப்பவும் கிட்டத்தட்ட 3.3 கோடி டன்தான். அதை எங்க, எப்படி வைக்கப் போறாங்கங்கிறதுதான் அந்த ஊரோட அடுத்த நூறு வருஷம். தோண்டறப்போ தூசி பறக்குமே, அதை யார் அளக்கிறது? குவார்ட்டர்ஸ்ல மூணு தலைமுறையா இருக்கிற குடும்பங்களுக்கு அந்த வீடு சொந்தமாகுமா? ஏல ஒப்பந்தத்துல கிராம் கணக்கு எழுதறப்பவே இதையும் எழுதிரணும். பிறகு பார்த்துக்கலாம்னு விட்டதாலதான் மலையே வந்துச்சு.

அண்ணன்கிட்ட கடைசியா கேட்டேன், "மலை போயிட்டா வருத்தமா இருக்குமாண்ணா?" கொஞ்ச நேரம் யோசிச்சார். "எங்க தாத்தா அரைச்ச மண்ணு தம்பி அது. போகட்டும். போற இடம் இன்னொருத்தன் வீட்டு வாசலா இருக்கக் கூடாது, அவ்வளவுதான்."

அடுத்த தடவை வெள்ளலூர் வாடை அடிச்சா, வண்டியை வேகமா முறுக்கறதுக்கு முன்னாடி இதை ஒரு நிமிஷம் நினைச்சுக்கங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம். வர்றேனுங்க.