அமெரிக்காவுக்கு மிக்ஸி எடுத்துட்டுப் போறீங்களா? அடாப்டர் மட்டும் இருந்தா போதாது... ஏன் தெரியுமா?

மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா கிளம்பும் அம்மாக்களின் பெட்டியில் மிக்ஸிக்கு எப்பவும் ஒரு இடம் உண்டு. கூடவே, 'எல்லா நாட்டுக்கும் செட் ஆகும்' என்று கடையில் சொல்லிக் கொடுத்த அடாப்டரும் இருக்கும். அங்கே போய் மாட்டினால் மிக்ஸி சுத்தும்... ஆனால் உளுந்து அரைபடாது!

காரணம் சிம்பிள். அடாப்டர் பிளக் பின்னின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும். வோல்டேஜை மாற்றாது.

நம்ம ஊரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்கா, கனடாவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஜப்பானில் 100 வோல்ட்தான். பாதி வோல்டேஜில் மிக்ஸி மோட்டார் திணறும். 1,500 வாட் கெட்டில், சுமார் 400 வாட் வேலைதான் செய்யும். டீ கிடைக்கும், ரொம்ப லேட்டா!

திரும்பி வரும்போதுதான் நிஜமான ஆபத்து. அங்கே வாங்கிய 120 வோல்ட் ஹேர் டிரையரை இங்கே மாட்டினால் மூன்றரை மடங்குக்கும் அதிகமான மின்திறனை இழுக்கும். கருகிப் போகும், தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு.

எதை எடுத்துட்டுப் போகலாம்?

சார்ஜரில் 'இன்புட்' என்ற வரியைப் பாருங்க. எழுத்து பொடியா இருந்தா போனில் போட்டோ எடுத்து ஜூம் பண்ணுங்க. '100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று இருந்தால் அடாப்டர் மட்டும் போதும். பெரும்பாலான செல்போன், லேப்டாப் சார்ஜர்கள் இப்படித்தான். '220-240' அல்லது '230' என்று மட்டும் இருந்தால் அமெரிக்காவில் சரியாக வேலை செய்யாது.

வயதானவர்களுக்கு நெபுலைசர் கொண்டு போகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்கணும். வீட்டில் வைக்கும் கம்ப்ரசர் மாடல்கள் பல 230 வோல்ட்டுக்கு மட்டுமே செய்யப்பட்டவை. நடுராத்திரி மூச்சுத் திணறும்போது இது தெரியவந்தால்?

டிரான்ஸ்பார்மர் வாங்கலாமே என்று கேட்கலாம். வாங்கலாம், ஆனால் செம வெயிட். 750 வாட் மிக்ஸிக்கு அதைவிடப் பெரிய கொள்ளளவில் வேண்டும். அது ஹெர்ட்ஸையும் மாற்றாது என்பதால், இண்டக்ஷன் மோட்டார் உள்ள கிரைண்டர் அங்கே வேகமாகச் சுத்தும். அதற்கு, இங்கேயே விற்கும் 110 வோல்ட் மிக்ஸியை வாங்கிட்டுப் போவது மேல்.

சிங்கப்பூர், துபாய், லண்டன் போறீங்களா?

கவலை வேண்டாம். வோல்டேஜ் கிட்டத்தட்ட நம்ம ஊர் மாதிரிதான். பின் மட்டும் வேறு, மூன்று செவ்வகக் கால்கள். நம்ம உருண்டைப் பின்னும் பழைய பிரிட்டிஷ் பாணிதான். 1947-ல் அவங்க புது வடிவத்துக்குத் தரம் கொண்டு வந்தாங்க, நாம பழசிலேயே இருந்துட்டோம்.

இந்த சாக்கெட்டுகளில் மேல் ஓட்டையில் பேனா முனையைக் குத்தி, நம்ம சார்ஜரைச் செருகும் பழக்கம் சிலருக்கு உண்டு. செய்யாதீங்க. குழந்தைகள் விரல், குச்சி விட்டு ஷாக் அடிக்கக் கூடாது என்று வைத்த மூடியைத்தான் அது திறந்துவிடுகிறது. பின்னும் லூசாக நின்று சூடாகும். நல்ல அடாப்டரா ஒண்ணு வாங்கிடுங்க.