வாயில் குஞ்சு காக்கும் மணல் மீன்கள்.. வீட்டுத் தொட்டியில் வளர்ப்பது எப்படி?

விழுப்புரம், திண்டிவனம் மீன் கடைகளில் கிடைக்கும் ஜிலேபி கெண்டை, 1952-ல் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்க மீன். இதுவும் 'சிக்லிட்' குடும்பம்தான். மலாவி, டாங்கனிக்கா ஏரிகளின் மணல்வாழ் சிக்லிட்கள் இதன் சொந்தங்கள்.

மணல் ஏன் முக்கியம்?

இந்த மீன்கள் மணலை வாயில் அள்ளி, இரையைப் பிரித்துவிட்டு, மிச்சத்தைச் செவுள் வழியாக வெளியேற்றும். கூரான ஜல்லி போட்டால் வாய், செவுள் புண்ணாகும். சலித்துக் கழுவிய மெல்லிய மணல் 2 அங்குலம் போதும்.

தண்ணீர் எப்படி இருக்கணும்?

உங்க வீட்டு போர் தண்ணீர் கடினமா இருந்தா கவலை வேண்டாம், இவற்றுக்கு அதுதான் பிடிக்கும். பிஹெச் 8-ஐ ஒட்டியும், வெப்பம் 25-27 டிகிரியும் இருக்கட்டும்.

பெண் மீன் சாப்பிடலையா?

பல வகைகளில் ஆண் மணலில் பள்ளம் தோண்டும். பெண் முட்டைகளை வாயில் வைத்து சுமார் 3 வாரம் காக்கும். தாடை உப்பி, இரை எடுக்காமல் இருந்தால் நோய்னு நினைச்சு மருந்து ஊத்திடாதீங்க.

குஞ்சுகள் அதிகமானால்?

கடைக்கோ நண்பர்களுக்கோ கொடுங்க, ஏரியில் விடாதீங்க. ஜிலேபி கெண்டை பல நீர்நிலைகளில் உள்ளூர் மீன்களுக்குப் போட்டியானது. 2021-ல் பறவைகள் சரணாலயமான கழுவேலிக்கு இன்னொரு அந்நிய மீன் வேண்டாமே!