போரை நிறுத்திய படையும் நிலைக்காத அமைதியும்: சோழ – பாண்டியப் போர்களில் போசளர் தலையீடு (கி.பி. 1216 – 1279)

ஆய்வுச் சுருக்கம்

கி.பி. 13ஆம் நூற்றாண்டில் அண்டை நாடுகளான சோழ நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் இடையே நிகழ்ந்த போர்கள், மூன்றாம் தரப்பாகிய போசளரின் தலையீட்டால் பலமுறை நிறுத்தப்பட்டன. தோல்வியுற்ற சோழ அரசு மீண்டும் நிலைநிறுத்தப்பட்டது. எனினும் அமைதி நிலைக்கவில்லை. போரை நிறுத்த வந்த படை நடுநிலை கொள்ளாததும், காவிரிக்கரையில் தனக்கென நிலமும் தலைநகரும் அமைத்துக்கொண்டதும், உடன்பாடுகள் எல்லையை வரையறுக்காமல் மன்னர்களின் தனியுறவைச் சார்ந்திருந்ததுமே இதற்குக் காரணங்கள் என்பதை இக்கட்டுரை மெய்க்கீர்த்திகள், கல்வெட்டுச் செய்திகள் ஆகியவற்றின் துணையுடன் நிறுவ முயல்கிறது. இருபதாம் நூற்றாண்டின் அமைதிகாப்பு நடைமுறைகளும் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பாண்டியர், சோழர், போசளர், பொன்னமராவதி, கண்ணனூர், போர்நிறுத்தம், அமைதிகாப்பு

முன்னுரை

மதுரைக்கு வடகிழக்கே யானைமலை அடிவாரத்திலுள்ள ஒத்தக்கடையைக் கடந்து மேலூர் வழியாகச் செல்லும் சமவெளி, பொன்னமராவதிப் பகுதியைத் தாண்டி வெள்ளாற்றுப் படுகையை எட்டுகிறது. வெள்ளாறு சோழ நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் எல்லையாக மரபுவழியே கருதப்பட்டு வந்தது. இவ்விரு நாடுகளுக்கும் இடையே பெரிய மலைத்தொடரோ கடத்தற்கரிய ஆறோ இல்லை. மழைக்காலம் தவிர்த்த பிற நாள்களில் படைகள் எளிதில் கடக்கக்கூடிய ஏரிப்பாசன நிலமே இரண்டையும் இணைத்தது. ஆகவே எல்லை என்பது நிலத்தின் அமைப்பைவிட அரசுகளின் வலிமையையே சார்ந்திருந்தது.

இவ்வரசுகளின் போர்கள் தமிழக வரலாற்று நூல்களில் பெரும்பாலும் வெற்றி, தோல்விகளின் வரிசையாகவே சொல்லப்படுகின்றன. போர்கள் எவ்வாறு நின்றன, யார் நிறுத்தினர், நின்ற பின் அமைதியைக் காத்தவர் யார் என்னும் வினாக்கள் அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. இக்கட்டுரை அவ்வினாக்களை முன்வைத்து 1216 முதல் 1279 வரையிலான காலத்தை ஆராய்கிறது.

பழிவாங்கலின் தொடர்ச்சி

மூன்றாம் குலோத்துங்க சோழன் (1178 – 1218) பாண்டிய அரசுரிமைப் போட்டியில் தலையிட்டு, தனக்கு இணக்கமான விக்கிரம பாண்டியனை மதுரையில் அமர்த்தினான். பின்னர் சடையவர்மன் குலசேகரன் காலத்தில், 1205 அளவில், மீண்டும் படையெடுத்துப் பாண்டியரின் முடிசூட்டு மண்டபத்தை இடித்து, மதுரையில் வீராபிடேகம் செய்துகொண்டான். மதுரையும் ஈழமும் பாண்டியன் முடித்தலையும் கொண்டவன் என அவன் கல்வெட்டுகள் அவனைப் புகழ்கின்றன.

முடிசூட்டு மண்டபத்தை இடித்தல் போர்க்களத் தோல்வியினும் ஆழமான இழிவு. ஒரு மரபு அரசாளும் தகுதியையே மறுக்கும் செயல் அது. 1216இல் அரியணையேறிய முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் அதே முறையில் பதிலளித்தான். தஞ்சையும் உறந்தையும் எரியூட்டப்பட்டன. சோழ நாட்டிலேயே, ஆயிரத்தளி எனப்பட்ட முடிகொண்டசோழபுரத்தில், அவன் வீராபிடேகம் செய்துகொண்டான். பின் தில்லை சென்று வழிபட்டான். மதுரையில் சோழன் செய்ததைச் சோழபுரத்தில் பாண்டியன் செய்தான். இரு படையெடுப்புகளின் நோக்கமும் எல்லைப் பகுதியில் சில ஊர்களைப் பெறுவதாக இல்லை. எதிரியின் அரசுரிமையைப் பொதுவில் அழிப்பதாக இருந்தது. இத்தகைய போரை இரு தரப்பினரும் தாமாகவே நிறுத்திக்கொள்ளும் வாய்ப்பு மிகக் குறைவு.

பொன்னமராவதியில் நாடு திரும்பல்

தில்லையிலிருந்து திரும்பும் வழியில் பொன்னமராவதியில் சுந்தரபாண்டியன் தங்கியிருந்தபோது, நாடிழந்த சோழன் வந்து பணிந்ததாகவும், அவனுக்கு முடியும் நாடும் திருப்பி அளிக்கப்பட்டதாகவும் பாண்டிய மெய்க்கீர்த்தி கூறுகிறது. ‘சோணாடு கொண்டருளிய’ என்று தொடங்கிய பாண்டியனின் சிறப்புப்பெயர் ‘சோணாடு வழங்கியருளிய’ என மாறியது.

மெய்க்கீர்த்தியை மட்டும் படித்தால் இது வென்றவனின் அருட்செயல். ஆனால் இதே காலத்துப் போசளக் கல்வெட்டுகள் வேறொரு செய்தியைத் தருகின்றன. போசள மன்னன் இரண்டாம் வீரவல்லாளன் சோழ அரசை நிலைநிறுத்திய ஆசாரியன் என்னும் பொருளுடைய ‘சோழராச்சியப் பிரதிட்டாசாரியன்’ என்ற பட்டத்தையும், பாண்டியராகிய யானைக்குச் சிங்கம் என்னும் பொருளுடைய பட்டத்தையும் சூடிக்கொண்டான். அவன் மகன் நரசிம்மன் படையுடன் தெற்கே வந்திருந்தான். கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி இந்தப் படைவரவோடு இணைத்தே சோழ நாடு திருப்பி அளிக்கப்பட்டதை விளக்கினார். பாண்டிய ஆவணம் போசளரைக் குறிப்பிடவே இல்லை. போசள ஆவணம் பாண்டியனின் அருளைக் குறிப்பிடவில்லை.

இம்முரண்பாட்டை வெறும் புகழ்ச்சி மிகையாக ஒதுக்கிவிட முடியாது. வென்றவன் பின்வாங்க வேண்டுமானால் பின்வாங்கல் தோல்வியாகத் தோன்றாமலிருக்க வேண்டும். ‘வழங்கியருளிய’ என்னும் சொல் அந்தத் தேவையை நிறைவு செய்தது. போசளருக்குத் தலையீட்டின் பெருமை கிடைத்தது. சோழருக்கு நாடு கிடைத்தது. மூவரும் தத்தம் கல்லில் தத்தம் வெற்றியைப் பொறித்துக்கொள்ள இடம் தந்ததாலேயே 1216ஆம் ஆண்டுப் போர் நின்றது எனலாம்.

ஆயினும் இவ்வேற்பாட்டில் இரு குறைகள் இருந்தன. சோழன் பாண்டியனுக்குத் திறை செலுத்தும் நிலையில் விடப்பட்டான். போசளர் சோழரின் மணவுறவினராகவே வந்தனர். இரு தரப்பும் ஏற்ற நடுவராக வரவில்லை. எல்லை எங்கே என்பது பற்றிய உடன்பாடு எதனையும் இந்த ஆவணங்கள் குறிக்கவில்லை.

1231: மீட்புப் போரும் ஊர்களின் இழப்பும்

மூன்றாம் இராசராசன் திறை செலுத்த மறுத்தபோது பாண்டியப்படை மீண்டும் சோழ நாட்டில் நுழைந்தது. சுந்தரபாண்டியன் முடிகொண்டசோழபுரத்தில் இரண்டாம் முறை அபிடேகம் செய்துகொண்டான். வடக்கு நோக்கி வெளியேறிய இராசராசனைக் காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறைவைத்தான். கடலூரை அடுத்த திருவயிந்திபுரத்திலுள்ள இராசராசனின் 16ஆம் ஆட்சியாண்டை ஒட்டிய கல்வெட்டு இதன் பின்விளைவுகளை விரிவாகக் கூறுகிறது. சோழ அரசை நிலைநிறுத்தியவன் என்னும் பெயரைக் காப்பாற்றாமல் ஓய்வதில்லை என உறுதிபூண்டு வீரநரசிம்மன் துவாரசமுத்திரத்திலிருந்து புறப்பட்டான்; மகர நாட்டை அழித்துப் பாச்சூரில் தங்கினான்; தண்டநாயகர்களான அப்பண்ணனையும் சமுத்திர கோப்பயனையும் சேந்தமங்கலத்தை நோக்கி அனுப்பினான். கோப்பெருஞ்சிங்கன் பணிந்து சோழனை விடுவித்தான். நரசிம்மனே தெற்கே சென்று காவிரிக்கரையில் மகேந்திரமங்கலத்தில் பாண்டியனை வென்றதாகப் போசளச் சான்றுகள் கூறுகின்றன.

இக்கல்வெட்டின் தனிச்சிறப்பு அது தரும் அழிவுப் பட்டியலாகும். தண்டநாயகர்கள் சென்ற வழியில் ஊர்கள் அழிக்கப்பட்டன, பயிர்கள் எரிக்கப்பட்டன, பெண்கள் சிறைபிடிக்கப்பட்டனர், பொருள்கள் கொள்ளையிடப்பட்டன. கல்வெட்டு இவற்றை மறைக்கவில்லை; வெற்றியின் பகுதியாகவே பொறித்துள்ளது. ஓர் அரசனை விடுவித்து அமைதியை மீட்ட படையெடுப்பு, அந்தப் பாதையில் வாழ்ந்த உழவர்களுக்கு மற்றொரு போராகவே இருந்தது. சோழ அரசை நிலைநிறுத்துதல் என்னும் குறிக்கோளில் சோழ நாட்டுக் குடிகளைக் காத்தல் அடங்கவில்லை. மூன்றாம் தரப்புத் தலையீட்டை மதிப்பிடுகையில் அரசர் பட்டங்களோடு இப்பட்டியலையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கண்ணனூர்: காவற்படை தலைநகரான நிலை

1231க்குப் பின் போசளப்படை முழுவதும் துவாரசமுத்திரத்திற்குத் திரும்பிவிடவில்லை. சோமேசுவரன் காலத்தில் திருவரங்கத்திற்கு அண்மையிலுள்ள கண்ணனூர், விக்கிரமபுரம் என்னும் பெயருடன் போசளரின் தென்தலைநகராயிற்று. இன்று சமயபுரம் எனப்படும் அப்பகுதியிலுள்ள போசளேச்சுரம், போஜீசுவரர் கோயில் என்னும் பெயரில் அதன் சான்றாக நிற்கிறது. சோழருக்கும் பாண்டியருக்கும் நடுவே, காவிரிப் பாசனத்தின் வளம் மிகுந்த இடத்தில், காவலர் குடியேறினர்.

இந்த இடம் கிடைத்த பின் போசளரின் நலன் மாறியது. சோழர், பாண்டியர் இருவருள் எவரும் மிகுந்த வலிமை பெறாமலிருப்பதே கண்ணனூருக்குப் பாதுகாப்பு. 1246இல் ஆட்சிக்கு வந்த மூன்றாம் இராசேந்திரன் பாண்டியரை எதிர்த்து வெற்றி பெறத் தொடங்கியதும், இதுவரை சோழரைக் காத்த சோமேசுவரன் பாண்டியர் பக்கம் சேர்ந்தான். பாண்டிய குலத்தைக் காக்கவல்ல வலக்கை என்னும் பொருளுடைய பட்டம் அவனுக்கு வழங்கியது. பாண்டியர் கல்வெட்டுகள் அவனை மாமன் என்னும் பொருளில் ‘மாமடி’ என அழைத்தன. இராசேந்திரனும் அவனை மாமன் என்றே குறித்தான். ஆனால் பகைகொண்ட மாமன் சோமேசுவரனுக்குக் காலன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டான். பின்னர் உறவு சீரடைந்தபோது, சோமேசுவரன் தன் கையாலேயே இராசேந்திரனின் காலில் வீரக்கழல் பூட்டியதாகச் சோழக் கல்வெட்டுக் கூறுகிறது. இரு தரப்புக்கும் ஒருவனே மாமன், ஒருவனே பகைவன், ஒருவனே காவலன் என்னும் நிலையை இப்பட்டங்கள் ஒருங்கே காட்டுகின்றன.

இச்சமநிலை 1251இல் அரியணையேறிய முதலாம் சடையவர்மன் சுந்தரபாண்டியனால் முறிந்தது. அவன் சோழனைத் திறை செலுத்த வைத்தான். கண்ணனூர்க் கொப்பத்தைக் கைப்பற்றினான். 1260களின் தொடக்கத்தில் சோமேசுவரன் போரில் இறந்தான். காவலன் வீழ்ந்த பின் சோழ அரசைத் தாங்கும் வலிமையான கை எதுவும் இல்லை. 1279க்குப் பின் இராசேந்திரனின் கல்வெட்டுகள் கிடைக்கவில்லை. எல்லைச் சிக்கல் உடன்பாட்டால் தீரவில்லை. ஒரு நாடு மறைந்ததால் இல்லாமற்போனது.

இருபதாம் நூற்றாண்டு அமைதிகாப்புடன் ஓர் ஒப்பீடு

போசளரைத் தற்காலப் பொருளில் அமைதிகாப்புப் படை எனல் காலவழு. ஒப்பிடத்தக்கது பெயரன்று, பணி. போரிடும் இருவரிடையே மூன்றாம் படை நிற்கையில் அமைதி எந்த நிபந்தனைகளில் நிலைக்கிறது என்பதே வினா. ஐக்கிய நாடுகள் அவை இதற்கு மூன்று நெறிகளை வகுத்துக்கொண்டது: தொடர்புடைய தரப்புகளின் ஒப்புதல், நடுநிலை, தற்காப்புக்கும் ஒப்படைக்கப்பட்ட கடமையைக் காப்பதற்கும் அன்றி வலிமையைப் பயன்படுத்தாமை. அமைதிகாப்போர் தாம் நிற்கும் நிலத்தில் உரிமை கொள்வதில்லை.

இந்நெறிகள் மட்டுமே போதுமானவையல்ல என்பதற்கு எத்தியோப்பிய – எரித்திரிய எல்லைப்போர் சான்று. 1998 மேயில் தொடங்கிய அப்போர் 2000 சூன் 18இல் கையெழுத்தான உடன்பாட்டால் நின்றது. எரித்திரிய நிலத்தில் 25 கிலோமீட்டர் அகலமுள்ள தற்காலிகப் பாதுகாப்பு வலயத்தில் ஐ.நா. படை நிறுத்தப்பட்டது, இந்தியப் படையினரும் அதில் பணியாற்றினர். அதே ஆண்டு திசம்பர் 12இல் அல்சியர்சில் அமைதி உடன்படிக்கை ஏற்பட்டது. எல்லை ஆணையம் 2002 ஏப்பிரல் 13இல் அளித்த தீர்ப்பின்படி பாட்மே எரித்திரியாவுக்கு உரியதாயிற்று. எத்தியோப்பியா அதை நடைமுறைப்படுத்த முன்வரவில்லை. எரித்திரியா அமைதிகாப்புப் படையின் நடமாட்டத்தையும் எரிபொருளையும் கட்டுப்படுத்தியது. 2008 சூலையில் படையின் பணி முடிவுக்கு வந்தது. இரு அரசுகளும் அமைதியை அறிவித்தது 2018இல்தான்.

இங்கு எல்லை தாளில் வரையறுக்கப்பட்டது, படை நடுநிலையோடு நின்றது, ஆனால் ஒப்புதல் நிலைக்கவில்லை. 13ஆம் நூற்றாண்டுத் தமிழகத்தில் எல்லையும் வரையறுக்கப்படவில்லை, படையும் நடுநிலை கொள்ளவில்லை. எனினும் ஒரு பொதுக்கூறு உண்டு. போர்நிறுத்தம் தந்த இடைக்காலத்தை இரு சூழல்களிலும் அரசுகள் தீர்வுக்குப் பயன்படுத்தவில்லை. மூன்றாம் படை காலத்தை ஈட்டித் தரும்; அக்காலத்தை அமைதியாக மாற்றும் பொறுப்பு போரிட்டவர்களுடையது.

முடிவுரை

போசளர் தலையீடு பயனற்றதன்று. 1216இல் முடிந்திருக்கக்கூடிய சோழ அரசு அதன்பின் 60 ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தமைக்கு அது முதன்மைக் காரணம். முடிசூட்டு மண்டபத்தை இடிக்கும் அளவுக்குச் சென்ற பழிவாங்கலைப் பொன்னமராவதியில் தற்காலிகமாகவேனும் அது தடுத்தது. ஆனால் திறையை அடிப்படையாகக் கொண்ட உடன்பாடு ஒவ்வொரு ஆட்சி மாற்றத்திலும் புதிய போருக்கு வழிவிட்டது. உறவுமுறையில் வந்த காவலன் உறவுமுறை மாறியதும் பக்கம் மாறினான். கண்ணனூரில் தலைநகர் அமைந்தபோது காவலன் மூன்றாவது போட்டியாளனானான்.

தமிழக அரசியல் வரலாற்றில் உடன்படிக்கைகள், நாடு திருப்பியளிப்பு, நடுவர் படை ஆகியவற்றைத் தனித்த ஆய்வுப்பொருளாகக் கொள்ள வேண்டிய தேவையை இவை உணர்த்துகின்றன. அவ்வாய்வில் மெய்க்கீர்த்திகளை ஒரு தரப்பின் கூற்றாக மட்டும் படிக்காமல், எதிர்த்தரப்புக் கல்வெட்டுகளோடு இணைத்துப் படிப்பது இன்றியமையாதது. ‘வழங்கியருளிய’ என்னும் ஒரு சொல்லில் மூன்று அரசுகளின் பேரம் அடங்கியிருப்பது அவ்வாறு படிக்கும்போதே தெரியவருகிறது. திருவயிந்திபுரக் கல்வெட்டின் எரிந்த வயல்களும் அப்பேரத்தின் விலையாக அப்போதே கணக்கில் வருகின்றன.